வெள்ளை நீர்நாய் வரும் பாதை

நீங்கள் கொடுத்த தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. குறை சொல்வதாக நினைக்காதீர்கள், நீர்தான் கொஞ்சம் கொதி கூடிவிட்டது. பச்சைத் தேயிலைமேல் கொதித்த நீரை அப்படியே ஊற்றக் கூடாது. வேறொரு பாத்திரத்தில் ஊற்றி, ஆவி அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் இலைமேல் விடவேண்டும். இல்லாவிட்டால் கசப்பு முந்திக்கொள்ளும். ஒரிபே கேப்டன் வீட்டில் நான் எப்போதும் அப்படித்தான் செய்தேன். ஒருநாளும் அவசரப்பட்டதில்லை.

நீங்கள் கேட்டது கேப்டனைப் பற்றி. நான் நீர்நாயில் ஆரம்பிக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆரம்பிக்காவிட்டால் மற்றது எதுவும் நியாயமாகப் படாது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். தீவில் நடமாட முடியாத முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ச் சமைத்து, குளிப்பாட்டி, மருந்து கொடுத்து வருவேன். பல வருஷமாகத் தீவு முழுமைக்கும் நான் ஒருத்திதான். என் வீட்டில் எனக்கென்று யாரும் இல்லை. இதை வருத்தமாகச் சொல்லவில்லை. தீவில் பாதி வீடுகளில் யாருமே இல்லை. சரிவுகளில் ஆரஞ்சுகளைப் பறிக்க ஆளில்லாமல் காகங்கள் தின்கின்றன. அப்படிப் பார்த்தால் என் வீட்டில் நானாவது இருக்கிறேன்.

எதிர்க்கரையில் என்போன்ற பணியாளர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தபோது, வயதான காலத்தில் மறதி வராமலிருக்க மூளைப்பயிற்சி விளையாட்டுகள் நல்லது என்றார்கள். திரும்பும் வழியில் பழைய பொருள் கடையில் ஒரு மடக்கு விளையாட்டுப் பெட்டி வாங்கினேன். சிறு புத்தகம்போலத் திறக்கும், கைப்பைக்குள் அடங்கும். கணக்குப் போடும் விளையாட்டையும் சேர்த்துத்தான் வாங்கினேன். ஆனால் பெட்டிக்குள் முன்பு வைத்திருந்த யாரோ எடுக்க மறந்த வேறொரு விளையாட்டு இருந்தது. படகில் உட்கார்ந்து திறந்தேன். திரை முழுக்க மூடுபனி. அதற்குள் இடுப்பளவு புல். எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம். கணக்கு விளையாட்டை அதன் உறையிலிருந்து நான் இதுவரை பிரிக்கவில்லை.

உங்களுக்கு அந்த விளையாட்டு தெரியாது என்று நினைக்கிறேன். ஒரு பெரிய சதுப்புநிலம். அதில் நடந்து, புல்லை விலக்கி, ஒளிந்திருக்கும் உயிர்களைக் கண்டுபிடித்து வலைவீசிப் பிடிக்கவேண்டும். பிடித்ததை உங்கள் குளத்தில் விட்டு வளர்க்கலாம். எது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போகிறீர்கள். அதே விளையாட்டு வைத்திருக்கும் இன்னொருவர் உங்களைக் கடந்துபோகிறார். நீங்கள் இருவரும் முகம்கூடப் பார்த்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பெட்டிகளும் தாமாகவே பேசிக்கொள்ளும், பச்சை விளக்கு மின்னும். அதன்பிறகு உங்கள் சதுப்பில் அந்த ஆளின் காலடித்தடங்கள் கிடக்கும். தடத்தின் முடிவில் உங்கள் மண்ணில் பிறக்காத ஓர் உயிர் நிற்கும். பெருநகரங்களில் ரயில் ஏறி இறங்கினாலே சதுப்பு நிரம்பிவிடுமாம்.

தீவில் என்னைக் கடந்துபோனவை பூனைகள். பூனைகளிடம் பெட்டி இல்லை. என் சதுப்பில் தவளையும் சாம்பல் வாத்துமே வந்தன. எந்தப் புல்லை விலக்கினாலும் தவளை. சலித்துப்போய் மூடுவேன், பழக்கதோஷத்தில் திறப்பேன், மறுபடி தவளை. நான் கோபக்காரி இல்லை, ஐயா. ஆனால் ஒரு கதவை வருஷக்கணக்கில் தட்டி, ஒவ்வொரு தடவையும் ஒரே தவளை வந்து திறந்தால் உங்களுக்கும் எரிச்சல் வரும்.

அந்தச் சதுப்பில் எல்லாவற்றையும்விட அரியது வெள்ளை நீர்நாய். அது ஒரு நாள் தடத்துக்கு வராது. ஒரே ஆளை நாள் தவறாமல் கடந்துகொண்டே இருக்கவேண்டும். தடத்தின்மேல் தடம் விழுந்து, புல் படிந்து, பாதையாகும். அந்தப் பாதையின் முடிவில்தான் அது வரும். ஒரு நாள் விட்டுப்போனால் புல் மூடிக்கொள்ளும். பிறகு முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

ஒரிபே கேப்டனுக்குப் பக்கவாதம் வந்தது சென்ற வருஷம் வசந்தத்தின் முடிவில். எங்கள் படகுத்துறையில் வாழ்நாளெல்லாம் படகு ஓட்டியவர். மனைவி இல்லை. ஒரே மகள் சிகுசா ஒசாகாவில் ஒரு கண்ணாடிக்கடையில் வேலை பார்த்தாள். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து அப்பாவோடு தங்கினாள். பகலில் நான் போவேன். முதல் நாள் அவர்கள் வீட்டுச் சமையலறையில் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன்.

“சுமியோ-சான், உங்க பை மின்னுது,” என்றாள் சிகுசா.

திரும்பிப் பார்த்தேன். பச்சை விளக்கு. நான் அதை அதற்குமுன் பார்த்ததே இல்லை. அரிசியில் பாதி தொட்டியில் கொட்டிவிட்டது.

“சதுப்பா? நீங்களா? உங்க வயசுல எல்லாரும் பூச்செடி வளப்பாங்க, நீங்க நீர்நாய் புடிக்கிறீங்களா?”

“தவளைதான் புடிக்கிறேன்,” என்றேன்.

அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கொட்டிய அரிசியை என்னோடு சேர்ந்து பொறுக்கினாள்.

அன்று மாலை என் சதுப்பில் முதல் காலடித்தடம் இருந்தது. சின்னப் பாதம். நான் அதன்மேல் நடக்கவில்லை. பக்கத்திலேயே நடந்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேப்டன் கண்ணயர்வார். நானும் சிகுசாவும் ஆளுக்கொரு பெட்டியோடு அவர் பக்கத்தில் உட்காருவோம். ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் பொழுது முடிந்ததைச் சொல்லும் இசை வரும்வரை. அது வந்தால் நான் கிளம்பவேண்டும். எனக்கு அந்த இசை பிடிக்காமல் போனது அப்போதுதான்.

கேப்டனுக்கு வாயின் ஒரு பக்கம் சரியாகத் திரும்பவில்லை. பேச்சு குழறும், கிண்டல் குழறாது.

“என்னம்மா, ரெண்டு பேரும் பள்ளிக்கூடப் பொண்ணுங்க மாதிரி... பொட்டிக்குள்ள மீன் மாட்டுதா?”

“நீர்நாய்ப்பா. மீன் இல்ல.”

“நான் நெசத்தையே பாத்தவன். சின்ன வயசுல, நம்ம துறையில, பாறை மேல. என் தூண்டில் மீனத்தான் தின்னுக்கிட்டு என்னையே பாத்துது, திருட்டுப் பய. இப்ப நாட்டுலயே ஒண்ணு இல்ல. நீங்க பொட்டிக்குள்ள தேடுறீங்க.”

மழைக்காலம் முடியும்போது என் பாதை தயாரானது. மூடுபனி விலகி, நீர்க்கரையில் அது நின்றது. வெள்ளை என்றால் அரிசிமாவு வெள்ளை. சிகுசா என் தோளில் சாய்ந்து சொல்லிக்கொடுத்தாள். சின்ன மீன் போட்டால் கிட்டே வரும், ஆனால் ஒவ்வொரு மீனுக்கும் அதன் உஷார் கூடும். கை தட்டினால் ஒரு நொடி உறைந்து நிற்கும், அந்த நொடியில் வலை வீசவேண்டும். மீன் குறைந்தால் எட்டாது, கூடினால் பிடிகொடுக்காது. வலை ஒன்றே ஒன்று. நான் ஒரு மீன் அதிகம் போட்டுவிட்டேன். வலை விழுமுன் அது முங்கிவிட்டது. பாதையும் மூடிக்கொண்டது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை. நான் பெட்டியை மூடி மடியில் வைத்தேன்.

“ஐயோ, மூஞ்சியப் பாரு. விடுங்க, சுமியோ-சான். நான் ஒசாகாவுல தினம் ரயில்ல எவனோ ஒருத்தனைக் கடந்துபோய்ப் புடிச்சேன். அவன் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் நான் இருக்கேன்ல. நீங்க அதப் புடிக்கிற வரைக்கும் இந்தத் தீவ விட்டு நகர மாட்டேன். போதுமா?”

சுண்டுவிரலை நீட்டினாள். நான் என் சுண்டுவிரலைக் கோத்தேன்.

அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. விரல் கோத்துச் சொன்னதை மீறினால் ஊசி விழுங்கவேண்டும். பாலர் பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். நானாகக் கேட்கவில்லை. அவளாகத்தான் நீட்டினாள்.

கோடையில் கேப்டன் தேறிவந்தார். கைத்தடியோடு வாசல்வரை நடந்தார். வாராவாரம் படகில் வரும் உர்யூ டாக்டர் அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, “இப்படியே போனா ஆரஞ்சு பறிக்கிற நாளுக்குள்ள நீங்க மகளோட ஒசாகாவுக்குக் கிளம்பிடலாம், கேப்டன். அங்க நல்ல பயிற்சி நிலையம் இருக்கு,” என்றார்.

சிகுசா அழுதாள், சந்தோஷத்தில். கடை முதலாளிக்கு அங்கேயே தொலைபேசினாள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் புரியவேயில்லை. நான் இன்னும் பிடித்ததாகச் சொல்லவில்லையே. ஒருவேளை மறந்திருப்பாள் என்று, “அப்ப நீர்நாய்?” என்று கேட்டேன்.

“அட, ஒசாகாவுக்கு வாங்களேன் ஒரு நாள். ரயில்ல போனாப் போதும், ஆயிரம் நீர்நாய் கிடைக்கும்.”

ஆயிரம் பேரின் தடங்களில் பாதை விழாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தே சொன்னாள். நான் கோபப்படவில்லை. மகிழ்ச்சியில் இருப்பவர்கள் சொன்ன சொல்லை மறப்பது சகஜம். கூட இருப்பவர்கள்தான் நினைவூட்டவேண்டும்.

இப்போது தேநீருக்கு வருகிறேன்.

பக்கவாதம் வந்தவர்களுக்குத் தொண்டை சொன்னபடி கேட்காது. சோறு எளிதாக இறங்கும், தண்ணீர்தான் ஆபத்து. தண்ணீர் வேகமாக ஓடுவது, தொண்டை மூடுவதற்குள் தப்பி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நுரையீரலில் சளி கட்டும், காய்ச்சல் வரும். அதற்காகக் குடிப்பது எல்லாவற்றிலும் ஒரு வெள்ளை மாவைக் கலக்கிக் கூழாக்கிக் கொடுக்கவேண்டும். தேநீர், சூப், தண்ணீர் எல்லாம். ஆமாம், எனக்கு நன்றாகத் தெரியும். தீவில் மற்ற குடும்பங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

கேப்டனுக்கு அந்தக் கூழ் ஆகவே ஆகாது. அவரிடம் ஒரு கோப்பை உண்டு. அடியில் நீல வளையம் வரைந்தது. தேநீர் ஊற்றினால் அந்த வளையம் தெரியவேண்டும், அதுதான் தேநீர் என்பார்.

“இது என்னடி அம்மா, சுவத்துல போஸ்டர் ஒட்டுற பசை மாதிரி. படகு ஓட்டினவனுக்குக் கஞ்சியா குடுக்கிறது? வளையம் எங்க? காட்டு பாப்போம்.”

உர்யூ டாக்டர் வந்துபோனதற்கு மறுநாள் சிகுசா துணி உலர்த்த வெளியே போயிருந்தபோது அவர் மறுபடி அதையே கேட்டார். நான் அன்று மாவைக் குறைத்துப் போட்டேன். வளையம் முழுதாகத் தெரியவில்லை, மங்கலாகத் தெரிந்தது. அவர் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெல்லக் குடித்தார். கொஞ்சம் இருமினார். இருமலுக்கு நடுவில் சிரித்தார்.

“நீதான்டி பொம்பள,” என்றார்.

அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒரு நோயாளியைச் சந்தோஷப்படுத்துவது தப்பு என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லவில்லை.

சில நாளில் அவருக்கு லேசான காய்ச்சல் வந்தது. டாக்டர் பயணத்தைத் தள்ளிவைக்கச் சொன்னார். சிகுசா முதலாளியிடம் இன்னும் கொஞ்சம் விடுப்புக் கேட்டாள். மதியத்தில் நாங்கள் பழையபடி உட்கார்ந்தோம். பச்சை விளக்கு மின்னியது. நான் அன்று எதையும் திட்டமிடவில்லை, ஐயா. திட்டமிடாமலே எல்லாம் சரியாக அமைந்தது, அவ்வளவுதான்.

அதன்பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. நீங்கள் கேட்டதே இந்தப் பகுதியைத்தான் என்பதால் மறைக்காமல் சொல்கிறேன்.

அளவு பிடிபடவில்லை. மாவு சரியாக இருந்தால் கேப்டன் தேறிவிடுவார். அவர் எழுந்து உட்கார்ந்தாலே சிகுசா பயணப்பெட்டியை இறக்கித் துணி அடுக்க ஆரம்பிப்பாள். மாவு குறைந்தால் காய்ச்சல். கொஞ்சம் கூடுதலாகக் குறைந்துவிட்டால் நோயாளிப் படகு வந்து அவரை எதிர்க்கரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடும். சிகுசாவும் கூடவே போவாள். அங்கேயே தங்குவாள். நான் தீவில் தனியாக உட்கார்ந்து என் சதுப்பைத் திறப்பேன். பாதையில் புல் மூடியிருக்கும். தவளை நிற்கும்.

இலையுதிர்காலத்தில் இரண்டு தடவை அப்படி ஆனது. இரண்டாவது தடவை பாதை முடிய ஒரேயொரு நாள்தான் பாக்கி. அந்த ஒரு நாள் கேப்டன் தாங்கியிருக்கலாம். அவ்வளவு நாள் தாங்கியவர். வலிமையான மனிதர், கடலில் வேலை செய்தவர். ஒரு நாள். நான் படகுத்துறையில் நின்று அந்தப் படகு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கம்பக்கத்தார் வந்து என் முதுகைத் தடவி, “அழாதே சுமியோ, கேப்டன் பொழச்சு வந்துருவாரு,” என்றார்கள். எனக்கு எரிச்சலில் கண்ணீர் வந்திருந்தது.

ஆகவே கவனமாகக் கற்றுக்கொண்டேன். அவர் படுக்கையில் கிடக்கவேண்டும், ஆனால் வீட்டுப் படுக்கையில். இருமவேண்டும், ஆனால் டாக்டர் வருகிற நாளில் அடங்கியிருக்கவேண்டும். ஒவ்வொரு கோப்பையையும் கிளறி, கரண்டியைத் தூக்கி, விழும் துளியின் நீளத்தைப் பார்த்து முடிவுசெய்தேன். சொல்லப்போனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் கேப்டனை என்னளவுக்கு உன்னிப்பாகக் கவனித்தவர் யாருமில்லை. பெற்ற மகள்கூட இல்லை.

புத்தாண்டு வந்தது. எல்லோருக்கும் மோச்சிமேல், அந்த ஒட்டும் அரிசி உருண்டைமேல், பயம். முதியவர்கள் தொண்டையில் அடைத்துச் சாவது வருஷாவருஷம் செய்தியில் வருகிறதே. ஊராட்சியிலிருந்து எச்சரிக்கை ஒலிபரப்பினார்கள். டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். சிகுசா மோச்சியை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. அப்பாவுக்குச் சேப்பங்கிழங்கை மசித்து, மோச்சிபோல உருட்டி, சூப்பில் போட்டுக்கொடுத்தாள். சூப்பைக் கெட்டியாக்கும் வேலை என்னுடையது. எல்லோரும் கிழங்குருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாவு தீர்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. மாதாமாதம் புதிய டப்பா வரும். நான் அதை அலமாரியில் பழையதின் பின்னால் வைப்பேன்.

பிறகு இன்னொரு தொல்லை. சிகுசாவுக்கு விளையாட்டில் மனம் விட்டுப்போனது. மெலிந்துவிட்டாள். மதியத்தில் அப்பா பக்கத்திலேயே சுருண்டு தூங்கிவிடுவாள். பெட்டியைத் திறக்கமாட்டாள், மின்னேற்றவும் மாட்டாள். மின்சாரம் தீர்ந்த பெட்டி கடந்துபோனாலும் ஒன்றுதான், கல் கடந்துபோனாலும் ஒன்றுதான். அவள் தூங்கும்போது நானே அவள் பெட்டியை எடுத்துச் செருகி மின்னேற்றினேன். அவள் தோள்வரை போர்வையையும் இழுத்துவிட்டேன். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகச் செய்தேன்.

ஒருநாள் விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கையில் அவளுடைய பெட்டி.

“இன்னுமா, சுமியோ-சான்?”

“இன்னும் புடிக்கலையே.”

“நான் என்ன கேக்கிறேன்னா... உங்களுக்குச் சலிக்கவே இல்லையா? எனக்கு எல்லாமே சலிச்சுப்போச்சு. அப்பா தேறுறாரு, விழறாரு, தேறுறாரு, விழறாரு. ஏதோ ஒரு கையி வேணும்னே புடிச்சுக் கீழ இழுக்கிற மாதிரி இருக்கு. அடுத்த தடவ அவரு எந்திரிச்சு உக்காந்தா நான் நாள்நட்சத்திரம் பாக்க மாட்டேன். டாக்டரையும் கேக்க மாட்டேன். தூக்கிக்கிட்டுப் போயிருவேன்.”

“நீங்க விரல் கோத்துச் சொன்னீங்களே,” என்றேன்.

அவள் நெற்றியைச் சுருக்கினாள். எதைச் சொல்கிறேன் என்று யோசிப்பவள்போல. பிறகு, “என்ன சொன்னேன்?” என்று கேட்டாள்.

அவள் பொய் சொல்லவில்லை, ஐயா. உண்மையாகவே நினைவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய்யாக இருந்தால் ஊசியாவது விழுங்கலாம். நினைவே இல்லாதவள் எதை விழுங்குவாள்?

இந்த வசந்தத்தில் கேப்டன் எழுந்து உட்கார்ந்தார். என் அளவு எங்கோ தவறியிருக்கவேண்டும். அல்லது அவர் மகளுக்காகப் பிடிவாதமாகத் தேறினாரோ என்னவோ. சிகுசா சொன்னபடியே செய்தாள். ஒசாகாவில் கீழ்த்தளத்தில் வீடு பார்த்துவிட்டாள். படகுக்குச் சொல்லிவிட்டாள். அண்டைவீடுகளுக்கு விடைபெறும் இனிப்புப் பொட்டலம் வாங்கிவைத்தாள். எனக்கும் ஒன்று இருந்தது. மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் பெரியது. மேலே காகிதத்தில் என் பெயர், அதன்கீழ் நன்றி என்று.

அண்டைவீட்டாருக்குக் கொடுக்கும் அதே இனிப்பு.

கிளம்புவதற்கு முந்தைய மதியம் அவள் அதைக் கொடுக்க வீடுவீடாகப் போயிருந்தாள். நான் நீரைக் கொதிக்கவைத்தேன். வேறு பாத்திரத்தில் ஊற்றி ஆறவைத்தேன். புது இலை, வசந்தத்தின் முதல் பறிப்பு. மாவு டப்பாவைத் திறக்கவேயில்லை. கோப்பையில் ஊற்றியபோது நீல வளையம் கடற்பாறைக்கு அடியில் தெரியும் மணல்போலத் தெளிவாகத் தெரிந்தது.

கேப்டன் கோப்பையை இரு கையாலும் வாங்கினார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“முழு வளையம்,” என்றார். “சிகுகிட்ட சொல்லிராத.”

“சொல்ல மாட்டேன்.”

“ஒசாகாவுல எவ குடுப்பா இந்த மாதிரி?”

குடித்தார். இருமினார். முதுகைத் தட்டிக்கொடுத்தேன். மறுபடி கேட்டார், மறுபடி ஊற்றினேன். வேண்டும் என்று அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஊற்றினேன். முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிந்து, நடுவில் சிரித்துக்கொண்டு குடித்தார். நான் ஒரு தடவைகூட வற்புறுத்தவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும்.

மறுநாள் ஒசாகாப் படகு போகவில்லை, நோயாளிப் படகு வந்தது. இந்தத் தடவை அவர் திரும்பி வரவில்லை. மருத்துவமனையில் நர்ஸ் கூழாக்கிய தேநீரைக் கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். “இதுவா டீ? எங்க ஊட்டுல சுமியோ குடுப்பா பாரு, வளையம் தெரியும். எப்பவும் தெரியும்,” என்றாராம். அதுதான் அவர் தெளிவாகப் பேசிய கடைசி வார்த்தை என்கிறார்கள். பக்கத்தில் சிகுசா நின்றுகொண்டிருந்தாள். நீங்கள் அதை எனக்கு எதிரான சாட்சி என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாகும் தறுவாயில் ஒரு மனிதர் என்னை வாழ்த்தியிருக்கிறார்.

ஈமச்சடங்கு முடிந்து சிகுசா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். போனேன். அலமாரியில் இருந்த மாவு டப்பாக்கள் எல்லாம் மேசைமேல் இருந்தன. ஒன்றைத் தவிர மற்றவை முத்திரை உடைக்காதவை. அவள் கத்தவில்லை. “ஏன்?” என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு அது வியப்பாக இருந்தது. அவளுக்குத் தெரியாமலா? நான் பையிலிருந்து பெட்டியை எடுத்தேன். அவள் அதைப் பார்த்த பார்வையில் ஏதோ விளங்கியதுபோல இருந்தது. எழுந்து சுவரோரமாகப் பின்வாங்கி, என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே வெளியே போனாள். நீர்நாயும் கடைசியில் அப்படித்தான் போகும், முகத்தைத் திருப்பாமல். பிறகு நீங்கள் வந்தீர்கள்.

ஆமாம். கேப்டன் ஒரிபேயைக் கொன்றது நான்தான். அந்தச் சொல்தான் வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நீர்நாய்க்காகச் செய்தேன் என்பதையும் எழுதுங்கள். வேறு காரணம் இல்லை. எனக்கு அந்தக் குடும்பத்தின்மேல் எந்த மனத்தாங்கலும் இல்லை.

தெரியும், நீங்கள் என் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள். குளத்தில் அது இருந்ததற்கு அடையாளம் இருக்கிறது என்கிறீர்கள். போன கோடையிலேயே, டாக்டர் ஒசாகா என்ற பேச்சை எடுப்பதற்கு முன்பே. சரிதான். ஒரு மாலை, ஐந்து மணி இசைக்குப் பிறகு, வீட்டில் தனியாக இருக்கும்போது பிடித்தேன். சரியான மீன், சரியான நொடி. என் குளத்தில் அது ஒரு சுற்று நீந்தியது. உடனே மதகைத் திறந்து விட்டுவிட்டேன். அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் பாதை போடவேண்டும், அது வரவேண்டும், தெரிந்தே என் கை தவறவேண்டும். தவறுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா, பக்கத்தில் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்போது? நான் சிகுசாவிடம் காட்டவில்லை. அவளுக்குக் காட்டாதவரை நான் பிடிக்கவில்லை. பிடிக்காதவரை அவள் போகக் கூடாது. இதில் என்ன குழப்பம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள், அது முறை. ஆனால் வழக்கு நடக்கும்போது சாட்சி சொல்ல வருவாள் அல்லவா? அன்று என் பெட்டியை மின்னேற்றி என் பையில் போட்டுக்கொடுங்கள். நான் அவளிடம் பேசமாட்டேன், முகத்தைக்கூடப் பார்க்கமாட்டேன். நடைவழியில் அவள் என்னைக் கடந்துபோனால் போதும்.